டகோமாவும் 24 அடி டிரெய்லரும்: கதவு ஸ்டிக்கர் என்ன சொல்கிறது

உங்கள் கேள்வியை ஒருமுறை திரும்பச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களும் படிக்க வசதியாக இருக்கும். 2019 டொயோட்டா டகோமா, வி6, டபுள் கேப், ஐந்தடிப் படுகை (பின்னால் சாமான் ஏற்றும் தட்டு), ஃபோர் வீல் டிரைவ், டிரெய்லர் இழுப்பதற்கான டோ பேக்கேஜோடு வந்தது. 6,400 பவுண்டு வரை இழுக்கும் என்று கையேடு சொல்கிறது. டல்லாஸில் நீங்கள் பார்த்து வைத்திருக்கும் 24 அடி டிராவல் டிரெய்லரின் வெற்று எடை 4,900 பவுண்டு. நீங்கள், மனைவி, இரண்டு பிள்ளைகள் ஜூலையில் கொலராடோ போக வேண்டும். விற்பவர், "இன்னும் 1,500 பவுண்டு மிச்சம் இருக்கிறது, தாராளமாக இழுக்கும்" என்கிறார். இழுக்குமா என்று கேட்கிறீர்கள்.

இழுக்கும். கடை வாசலில் மாட்டிவிட்டால் வீடு வரை வந்து சேரும், ஒரு குறையும் தெரியாது. ஆனால் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள நினைப்பது வேறு. பிள்ளைகளைப் பின்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு, காற்றிலும் மலை இறக்கத்திலும் இந்த வண்டியை நிறுத்தவும் திருப்பவும் முடியுமா என்பதுதான் உங்கள் கவலை. அதற்கு என் பதில்: இந்த டிரெய்லரோடு வேண்டாம். ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன், சரிதானா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் மிச்சிகனில் 14 வருடமாகப் பிக்கப் டிரக்குகளின் பிரேக் சோதனையில் வேலை பார்க்கிறேன். சொந்தமாக டிரெய்லர் இழுப்பது ஒன்பது வருடப் பழக்கம். பிரேக், எடை, டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் பற்றிச் சொல்வதை நம்பிக்கையோடு சொல்வேன். சட்டமும் இன்சூரன்ஸும் என் துறை அல்ல.

முதலில் அந்த 6,400 எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். அது பொய்யான எண் இல்லை. ஒரு காலத்தில் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு இழுவை எண்ணைப் போட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ-யின் ஜே2807 என்ற பொது அளவுகோல் வந்தது. அதை முதலில் முழுமையாக ஏற்றுக்கொண்டது டொயோட்டாதான், 2011 மாடல்களிலிருந்து. அந்தச் சோதனையில் அரிசோனாவின் டேவிஸ் டேம் ஏற்றம் ஒரு பகுதி. 11.4 மைல் தூரம், ஏறத்தாழ 3,000 அடி உயரம், 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில், ஏசி முழு வேகத்தில். உங்களுடையது மாதிரியான டிரக் அதில் 40 மைல் வேகத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. 12 சதவீதச் சரிவில் நின்ற இடத்திலிருந்து முன்னும் பின்னும் பல முறை கிளம்பிக் காட்ட வேண்டும். கடுமையான சோதனைதான். ஆனால் வண்டிக்குள் எத்தனை பேர் என்று பாருங்கள்: ஆளுக்கு 150 பவுண்டு கணக்கில் இரண்டே பேர். பின்சீட் காலி, படுகையும் கிட்டத்தட்ட காலி. உங்கள் குடும்பம் அந்தக் கணக்கில் இல்லை.

உங்கள் குடும்பத்துக்கான எண் வேறு இடத்தில் இருக்கிறது. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால், கதவுத் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர். ஆட்களும் சுமையும் சேர்ந்து இவ்வளவு பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் இருக்கும். நீங்கள் போட்ட படத்தில் 1,055 பவுண்டு என்று தெரிகிறது. இதுதான் பேலோடு. ஒரே மாடல், ஒரே வருடம் என்றாலும் வண்டிக்கு வண்டி மாறும், ஏனென்றால் உங்கள் வண்டியில் என்னென்ன பொருத்தி அனுப்பினார்களோ அதைக் கழித்து அச்சடித்தது அது. டிரைவரும் இதற்குள் அடக்கம். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

இனிக் கணக்கு. நீங்கள் 180, மனைவி 140, பிள்ளைகள் இருவரும் சேர்ந்து 110 என்று எழுதியிருக்கிறீர்கள், மொத்தம் 430. 1,055-ல் மிச்சம் 625. கூலர், கருவிப் பெட்டி, பிள்ளைகளின் பைகள் எல்லாம் சேர்த்து 120 என்று குறைவாகவே வைக்கிறேன், மிச்சம் 505. எடையைப் பகிர்ந்து கொடுக்கும் ஹிட்ச், அதாவது வெயிட் டிஸ்டிரிபியூஷன் ஹிட்ச், அதுவே 90 பவுண்டு இரும்பு, மிச்சம் 415. டிரெய்லர் உங்கள் டிரக்கின் மேல் அழுத்துகிற பாரம் இந்த 415-க்குள் அடங்க வேண்டும்.

டிரெய்லர் எவ்வளவு அழுத்தும்? வெற்று எடை 4,900 என்பது தொழிற்சாலை வாசலில் எடுத்தது. தண்ணீர் இல்லை, பாத்திரம் இல்லை, போர்வை இல்லை. பேட்டரியும் காஸும்கூடப் பல நேரங்களில் அதில் சேராது. 40 காலன் நல்ல தண்ணீர் நிரப்பினால் அதுவே 330 பவுண்டு. இரண்டு சிலிண்டர் காஸ் 40, பேட்டரி 60. அரிசி மூட்டை, குக்கர், நாற்காலிகள், துணிமணி, தண்ணீர்க் குழாய், சக்கரத்துக்கு அடியில் வைக்கும் கட்டைகள் என்று குறைந்தது 500. ஆக, கிளம்பும் அன்று அது 5,800 பவுண்டு டிரெய்லர். அதில் 10 முதல் 15 சதவீதம் முன்னால், கொக்கிக் குண்டின் மேல் உட்கார வேண்டும். 13 சதவீதம் என்று வைத்தால் 750 பவுண்டு. உங்களிடம் இருப்பது 415.

விற்பவர் சொன்ன 1,500 பவுண்டு மிச்சம் இங்கே 335 பவுண்டு பற்றாக்குறையாக மாறிவிடுகிறது. அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. இழுக்கும் எண்ணை மட்டும் பார்த்தார், சுமக்கும் எண்ணைப் பார்க்கவில்லை. நடுத்தர பிக்கப்புகளில் பெரும்பாலும் இப்படித்தான், பேலோடுதான் முதலில் தீர்ந்துபோகும்.

"அப்படியானால் முன்னால் பாரத்தைக் குறைத்து, சாமானைப் பின்னால் தள்ளி வைத்தால் போயிற்று" என்று தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மாட்டு வண்டியில் நெல் ஏற்றியவர்களைக் கேட்டால் தெரியும். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து அழுந்தும், பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும். அதனால் மூட்டையை அச்சுக்குச் சற்று முன்னால் வைத்து, நுகத்தைக் கையால் தூக்கிப் பார்த்துச் சரி செய்வார்கள். டிரெய்லரிலும் அதே நியாயம்தான். மாட்டு வண்டி நடந்து போகிறது, இது 65 மைல் வேகத்தில் போகிறது. பின்பாரம் உள்ள டிரெய்லரை ஒரு காற்று தள்ளினால் அதன் வால் தானாக நேராகாது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும்.

இதை நானே அனுபவித்திருக்கிறேன். டிரெய்லர் இழுக்க ஆரம்பித்த முதல் வருடம், நண்பரின் 21 அடி டிரெய்லரை இரவல் வாங்கிக்கொண்டு போனோம். பின் பம்பரில் இரண்டு சைக்கிள், ஒரு ஜெனரேட்டர். எல்லாவற்றையும் ஏற்றிக் கட்டியவன் நான்தான். டெக்சஸில் அமரில்லோவுக்குக் கிழக்கே ஐ-40 சாலையில், இடப்பக்கம் ஒரு பதினெட்டுச் சக்கர லாரி எங்களைத் தாண்டியது. அதன் முகம் எங்கள் பின்சக்கரத்துக்கு நேராக வந்ததும் டிரெய்லரின் வால் வலப்பக்கம் ஒதுங்கியது, அப்புறம் இடப்பக்கம் இழுத்தது. மூன்றாவது ஆட்டத்தில் டிரக்கின் பின்பக்கமும் சேர்ந்து நகர்வதை என் இடுப்பில் உணர்ந்தேன். கப் ஹோல்டரில் இருந்த தண்ணீர் பாட்டில் எகிறி மனைவியின் காலடியில் விழுந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, டிரெய்லர் பிரேக்கின் கை லீவரை மட்டும் மெல்ல நகர்த்தினேன். ஆட்டம் நின்றது. அடுத்த டிரக் ஸ்டாப்பில் எடை போட்டுப் பார்த்தால் 4,600 பவுண்டு டிரெய்லரில் முன்பாரம் வெறும் 300, அதாவது ஆறரை சதவீதம். ஜெனரேட்டரையும் சைக்கிள்களையும் டிரக் படுகைக்கு மாற்றி, டிரெய்லருக்குள் கனமானவற்றை முன்னால் நகர்த்தியதும் 550-ஐத் தாண்டியது. மீதி 700 மைலும் அது ஒருமுறைகூட ஆடவில்லை. டயரோ காற்றோ மாறவில்லை, சாமான் இருந்த இடம்தான் மாறியது.

ஆட்டம் வந்தால் பிரேக் மிதியை ஓங்கி மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டாதீர்கள். டிரெய்லரின் பிரேக் மட்டும் பிடித்தால் அது பின்னிருந்து இழுத்து, இரண்டையும் நேர்க்கோட்டுக்குக் கொண்டுவரும். உங்கள் டகோமாவில் டிரெய்லர் ஆட்டத்தை அடக்கும் மின்னணு வசதி இருக்கிறது, உதவும். ஆனால் தப்பாக ஏற்றிய பாரத்தை அது சரி செய்யாது.

முன்பாரம் அதிகமானாலும் ஆபத்து, அது வேறு விதமான ஆபத்து. உங்கள் டிரக்கின் இரண்டு அச்சுகளுக்கும் இடையே சுமார் பத்தரை அடி. கொக்கிக் குண்டு பின் அச்சுக்குப் பின்னால் ஏறத்தாழ நான்கடி தள்ளி இருக்கும். அங்கே 750 பவுண்டை வைத்தால் பின் அச்சு நெம்புகோலின் புள்ளி மாதிரி ஆகிவிடும். பின் அச்சில் ஏறுவது சுமார் 1,050 பவுண்டு, முன் அச்சிலிருந்து கழிவது சுமார் 300. திருப்புகிற சக்கரமும், பிரேக்கின் பெரும்பங்கைச் செய்கிற சக்கரமும் முன்சக்கரம்தான். அதுவே லேசாகிவிட்டால் மழைச் சாலையில் ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. உங்கள் வண்டியில் பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வெயிட் டிஸ்டிரிபியூஷன் ஹிட்ச் போட்டால் சரியாகிவிடாதா என்று கேட்டிருந்தீர்கள். பாதி சரியாகும். அதன் எஃகுக் கம்பிகள் பின் அச்சின் பாரத்தில் ஒரு பகுதியை முன் அச்சுக்கும், இன்னொரு பகுதியை டிரெய்லர் அச்சுக்கும் திருப்பி அனுப்பும். ஸ்டியரிங் உணர்வு நன்றாகத் திரும்பி வரும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டிரெய்லர் அச்சுக்குப் போன பகுதியைப் பேலோடு கணக்கில் கழித்துக்கொள்ளலாமா என்பதில் அனுபவசாலிகளே இரண்டு பக்கமாகப் பேசுகிறார்கள். நான் கழிப்பதில்லை. கழித்தாலும் உங்கள் 335 பவுண்டு பற்றாக்குறை அடையாது. பின் ஸ்பிரிங்கோடு பொருத்தும் காற்றுப் பை (ஏர் பேக்), கூடுதல் பட்டை ஸ்பிரிங் போட்டால் வண்டியின் பின்பக்கம் நிமிரும், பார்வைக்கு எல்லாம் சரியான மாதிரி இருக்கும். ஆனால் அச்சு, பேரிங், பிரேக், டயர் எல்லாம் பழையவைதானே? ஸ்டிக்கரின் எண் அதனால் ஒரு பவுண்டுகூட ஏறாது. டிரக்கின் அடியில் ஹிட்சைச் செருகும் ரிசீவரிலும் ஒரு லேபிள் உண்டு, குனிந்து பாருங்கள். அதிகபட்ச முன்பாரம் எவ்வளவு என்று அதில் இருக்கும். உங்கள் 750 அதையும் தாண்டக்கூடும்.

இனி மலை. எஞ்சின் ஏறுமா என்றுதான் எல்லாரும் கவலைப்படுகிறார்கள், எனக்கு இறக்கம்தான் பெரிய கவலை. இருந்தாலும் ஏற்றத்தை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் 3.5 லிட்டர் எஞ்சினுக்கு டர்போ கிடையாது. கடல் மட்டத்தில் 278 குதிரைத்திறன். மேலே போகப் போக ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் குறையும். அமரில்லோ வழியாகப் போனால் நீங்கள் தாண்டப்போகும் ரட்டான் கணவாய் 7,834 அடி. அங்கே மிஞ்சுவது 215-க்குப் பக்கம், அதுவும் எஞ்சின் கத்துகிற சுற்றில். 6 சதவீத ஏற்றத்தில், எதிரே எட்டடி அகலச் சுவர் மாதிரி காற்றைத் தள்ளிக்கொண்டு 60 மைல் வேகத்தில் போக, என் தோராயக் கணக்குப்படி 230 குதிரைத்திறன் வேண்டும். ஆக 60-ல் ஏற முடியாது; 45-ல் வலப்பக்க லேனில், அவசர விளக்கைப் போட்டுக்கொண்டு ஏறலாம். அதில் ஆபத்து ஒன்றும் இல்லை, பொறுமைதான் வேண்டும். கியரை டி-யில் விடாதீர்கள், ஐந்துக்கும் ஆறுக்கும் மாறி மாறித் தாவிக் கியர்பாக்ஸ் சூடாகும். கியரை நாமே தேர்ந்தெடுக்கும் எஸ்-க்குத் தள்ளி நான்கில் வைத்து ஓட்டுங்கள்.

இறக்கத்துக்கு வருகிறேன். கொலராடோவின் ஐ-70 சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கத்தின் மேற்கு வாயில் 11,158 அடியில் இருக்கிறது. அங்கிருந்து சில்வர்தார்ன் ஊர் வரை ஏறத்தாழ 7 சதவீத இறக்கம். பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே சரளை போட்ட மேடுகளைப் பக்கத்தில் கட்டி வைத்திருக்கிறார்கள். டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்து சுமார் 11,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ ஐந்து டன். அது ஆயிரம் அடி இறங்கும்போது வெளிவருகிற ஆற்றலை முழுக்க வெப்பமாக்கினால் 48 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். காற்றும் எஞ்சினும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுவதும் உங்கள் பிரேக்குக்குள் போகும். காலை மிதியிலேயே லேசாக வைத்துக்கொண்டு இறங்குபவர்களின் பிரேக் தட்டுகளை நான் கழற்றிப் பார்த்திருக்கிறேன். நீலம் பாய்ந்து, பேட் கண்ணாடி மாதிரி மினுங்கும். அந்த நிலையில் மிதித்தால் மிதி கெட்டியாகத்தான் இருக்கும், வண்டி நிற்காது.

அதனால் இறக்கம் தொடங்குவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, மூன்றாவது அல்லது இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள். எஞ்சின் 4,000 சுற்றில் கத்தினால் பயப்படாதீர்கள், அது தன் வேலையைச் செய்கிறது. வேகம் நீங்கள் நினைத்த அளவைத் தாண்டும்போது அழுத்தமாக ஒரு மிதி, ஐந்து மைல் குறைந்ததும் முழுக்க விட்டுவிடுங்கள். மிதிக்கும் நேரம் குறைவாகவும், ஆறுகிற நேரம் அதிகமாகவும் இருக்க வேண்டும்.

டிரெய்லரின் மின் பிரேக் தன் பங்கைச் செய்தால்தான் இதெல்லாம் நடக்கும். டிரக்குக்குள் இருந்து டிரெய்லர் பிரேக்கை இயக்கும் பிரேக் கன்ட்ரோலர் கட்டாயம் வேண்டும் (கை லீவர் இதில்தான் இருக்கும்), வேகம் குறைவதை உணர்ந்து அதற்கேற்பப் பிடிக்கும் வகையாக வாங்குங்கள். காலியான மைதானத்தில், சாமான் ஏற்றிய டிரெய்லரோடு 20, 25 மைல் வேகத்தில் போய்க் கை லீவரை மட்டும் முழுக்கத் தள்ளுங்கள். டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கொள்ளும் வரை அளவைக் கூட்டி, அப்புறம் கொஞ்சம் குறைத்து வையுங்கள். டிரெய்லர் பிரிந்துபோனால் தானாகப் பிரேக் பிடிக்க வைக்கும் சிறு கம்பியைச் சங்கிலியில் மாட்டாதீர்கள், டிரக்கின் சட்டத்தில் தனியாக மாட்டுங்கள். எத்தனை பவுண்டுக்கு மேல் டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: டெக்சஸில் 4,500, கலிஃபோர்னியாவில் 1,500. உங்கள் எடைக்கு அந்த வித்தியாசத்தைப் பார்க்கவே வேண்டாம், எங்கே போனாலும் வேண்டும். டிரெய்லர் டயர்களில் பல 65 மைல் வேகத்துக்குத்தான் தயாரிக்கப்பட்டவை. டெக்சஸ் சாலைப் பலகையில் 75 என்று இருந்தாலும் நீங்கள் 62, 63-ல் போங்கள்.

இந்த டகோமாவை வைத்துக்கொண்டு என்ன வாங்கலாம்? 415 பவுண்டு முன்பாரத்தை 13 சதவீதத்தால் வகுத்தால் 3,200. சாமான் எல்லாம் ஏற்றியபின் 3,200 பவுண்டு, அதாவது வெற்று எடை 2,500-க்குப் பக்கம். பதினாறு, பதினேழு அடியில் நான்கு பேர் படுக்கிற டிரெய்லர்கள் இந்த எடையில் இருக்கின்றன. மேல்பகுதி மடங்கி விரிகிற பாப்-அப் வகை இன்னும் நல்லது, காற்றைத் தள்ளுகிற சுவரே பாதியாகிவிடும். 24 அடிதான் வேண்டும் என்றால் டிரக்கை மாற்ற வேண்டும். அப்போதும் பெரிய டிரக் என்று பேரைப் பார்த்து வாங்காதீர்கள். முழு அளவு பிக்கப்புகளிலும் ஆடம்பரப் பொருத்தங்கள் ஏற ஏறப் பேலோடு இறங்கிக்கொண்டே வரும். கதவைத் திறந்து ஸ்டிக்கரில் 1,600-க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள்.

என் கணக்கில் தவறு இருக்கலாம், உங்கள் குடும்பம் நான் நினைத்ததைவிடக் குறைவாகச் சாமான் எடுப்பவர்களாக இருக்கலாம். அதை வாங்குவதற்கு முன்பே பாதி சோதித்துவிட முடியும். இந்த வார இறுதியில் டாங்க் நிறைய பெட்ரோல் போட்டு, நால்வரும் ஏறி, கூலரும் பைகளும் படுகையில் வைத்து, டிரக் ஸ்டாப்பில் இருக்கும் கேட் ஸ்கேல் எடை மேடையில் ஏற்றுங்கள். முன் அச்சு, பின் அச்சு தனித்தனியாகத் துண்டுச் சீட்டில் அச்சாகி வரும். கதவுத் தூணில் இன்னொரு ஸ்டிக்கரில் ஜிவிடபிள்யூஆர் என்று மொத்த வண்டி எடையின் வரம்பும், ஒவ்வொரு அச்சுக்குமான வரம்பும் இருக்கும். மொத்த வரம்பிலிருந்து சீட்டின் மொத்தத்தைக் கழியுங்கள். ஹிட்சுக்கும் முன்பாரத்துக்கும் சேர்த்து உங்களிடம் உண்மையாக இருப்பது அவ்வளவுதான். விற்பவரிடம் போகும்போது டிரெய்லரின் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரையும் படம் எடுங்கள். அதில் எவ்வளவு சாமான் ஏற்றலாம் என்று இருக்கும். சீட்டையும் அந்தப் படத்தையும் இங்கே போட்டால், நான் மேலே எழுதிய கணக்கை உங்கள் சொந்த எண்களோடு திரும்பப் போட்டுத் தருகிறேன். அதுவரை முன்பணம் கொடுக்காதீர்கள்.